94 மாடல் எம்.எம். 540: டேஷ்போர்டுக்குள் ஒயர் உருகிவிட்டது, ஒயரிங்கை நானே மாற்றலாமா?

கம்பம் ஏலக்காடு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அப்பா வைத்திருந்த மஹிந்திரா எம்.எம். 540 இப்போது என்னிடம் இருக்கிறது. 1994 மாடல், பெஜோ எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் எஞ்சின், 2112 சி.சி., நாலு கியர், ஃபோர் வீல். வண்டன்மேட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் ஏலத்தோட்டம். வீடும் உரக்கடையும் கம்பத்தில். வாரத்தில் மூன்று நாளாவது கம்பமெட்டு மலைப்பாதையில் ஏறி இறங்குகிற வண்டி இது. அப்பா தவறி இரண்டு வருடம் ஆகிறது. அவர் 25 வருடத்துக்கு மேல் இதை ஓட்டினார். இதை விற்கும் எண்ணம் வீட்டில் யாருக்கும் இல்லை.

போன ஆடியில் ஒரு நாள், சாயங்காலம் ஆறரை மணி இருக்கும், மெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். நல்ல மூடுபனி, சாரல் வேறு. பின்னால் இரண்டு மூட்டை காய், பக்கத்தில் தோட்டத்தில் வேலை பார்க்கும் அண்ணன். ஹெட்லைட் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளடித்தது. கரண்ட் அளவைக் காட்டும் ஆம்ப்மீட்டரின் முள் துடிக்க ஆரம்பித்தது. அடுத்த வளைவில் ரப்பர் கருகுகிற வாசனை, டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை. ஓரம் கட்டி ஸ்டாப் கேபிளை இழுத்து எஞ்சினை நிறுத்தினேன். பேட்டரி டெர்மினலைக் கழற்றச் சரியான ஸ்பேனர் கையில் இல்லை. கட்டிங் பிளேயரை வைத்துத் திருகி எடுப்பதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. அப்புறம் இறக்கத்திலேயே உருட்டி ஸ்டார்ட் செய்து, மச்சான் பைக்கில் வந்து முன்னால் வெளிச்சம் காட்ட, பத்து கிலோமீட்டர் வேகத்தில் வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் மீட்டர் போர்டைக் கழற்றிப் பார்த்தேன். ஆம்ப்மீட்டரின் பின்பக்கம் இரண்டு போல்ட் இருக்கிறது. அதில் ஒன்றில் மட்டும் ஏழு ஒயர் மாட்டியிருந்தது: ஃபாக் லைட், டேப் ரெக்கார்டர், இரண்டாவது ஹாரன், சின்ன ஃபேன், இன்னும் என்னென்னவோ. ஏழும் ஒரே நட்டின் அடியில். அந்த நட்டு விரலால் திருகினாலே சுற்றியது. பின்னால் இருந்த ஃபைபர் அட்டை கருகி, போல்ட்டைச் சுற்றி இரண்டு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. அந்த இடத்திலிருந்து சாவி சுவிட்ச் வரைக்கும் நாலைந்து ஒயர்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டிக் கிடக்கின்றன. வீட்டு ஒயரிங்குக்குப் போடுகிற ஒற்றைக் கம்பி ஒயர்கூட ஒன்று இருக்கிறது. ஒரு ஃபியூஸில் செம்புக் கம்பி சுற்றியிருக்கிறது.

ஒரு எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, கருகியதை வெட்டிவிட்டு ஒட்டுப் போட்டுத் தருகிறேன், 800 ரூபாய் என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்த வண்டியில் இதுவரை நடந்தது எல்லாமே ஒட்டுதான். இந்தத் தடவை உள்ளே என்ன ஓடுகிறது என்று எனக்கே தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன். வீட்டில் சுவிட்ச் மாற்றுவேன், மல்டிமீட்டர் பிடிக்கத் தெரியும். அதற்கு மேல் அனுபவம் இல்லை.

முழு ஒயரிங்கையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடுவதா, கெட்டதை மட்டும் மாற்றுவதா? ஒயர் என்ன தடிமனில் வாங்க வேண்டும்? ஆம்ப்மீட்டரை வைத்துக்கொள்ளலாமா?

இன்னும் இரண்டு விஷயம், சம்பந்தம் இருக்கிறதா தெரியவில்லை. காலையில் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது, பேட்டரி வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. ஸ்டாப் கேபிளும் அடிக்கடி இறுகிப்போகிறது. இரண்டு வருடத்தில் மூன்று மாற்றிவிட்டேன்.

வால்பாறை ஜீப் எழுதியது:

நண்பா, என்னிடமும் 540 தான், 91 மாடல். நான் ரெடிமேட் ஒயரிங் செட் வாங்கிப் போட்டேன். உங்கள் வருடத்துக்கும் மீட்டர் போர்டுக்கும் பொருந்துகிறதா என்று பழைய கப்ளர்களை (ஒயர்களை இணைக்கும் பிளக்குகளை) கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்து வாங்குங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. எனக்கு வந்த செட்டில் மீட்டர் பக்கத்துக் கப்ளர் வேறு, பின் லைட் ஒயர் ஒன்றரை அடி குறைவு. கடைசியில் பாதிக்குப் பாதி கையால்தான் செய்தேன்.

ஒயரிங்கோடு இன்னொன்றும் சொல்கிறேன். கால் மிதி மேட்டைக் கழற்றும்போது ஃபோர் வீல் கியர் லீவரின் அடிப்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். பயன்படுத்தாமல் விட்டால் துருப்பிடித்து இறுகிவிடும். டீசல் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டு, துடைத்து, கிரீஸ் வைத்தால் விடும். மாதத்துக்கு ஒரு தடவை தோட்டத்து மண் ரோட்டில் ஃபோர் வீல் போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். தார் ரோட்டில் மட்டும் போட வேண்டாம். இந்த வண்டியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில் டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரம் அதிக தூரம் ஓடும், பின் சக்கரம் குறைவாக ஓடும். மண்ணில் டயர் சறுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் அது நடக்காது. ஷாஃப்ட்டும் அதன் கிராஸ் ஜாயின்ட்டும் முறுக்கிக்கொண்டு, அப்புறம் லீவரை எடுக்கவே முடியாது.

டிப்போ எலக்ட்ரீஷியன் எழுதியது:

தம்பி, நான் பஸ் டிப்போவில் 31 வருடம் எலக்ட்ரிக்கல் பார்த்து ஓய்வு பெற்றவன். உன் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். ஒயரைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் உன் ஸ்டாப் கேபிளைப் பற்றிப் பேச வேண்டும்.

செல்ஃப் சோம்பல், ஸ்டாப் கேபிள் இறுகுதல். இரண்டையும் சேர்த்துச் சொன்னாய் பார், அது நல்ல காரியம். கழற்றிய பழைய கேபிள் வீட்டில் கிடந்தால் அதன் மேல் உறையை நீளத்துக்குப் பார். பிளாஸ்டிக் இளகி வழிந்த மாதிரி இருந்தால் எழுது.

அதோடு ஒரு சோதனை செய். மல்டிமீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வை. ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயத் தூணிலேயே குத்து, கிளாம்ப்பில் வைக்காதே. இன்னொரு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டில் வை. ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு, எஞ்சின் பிடிக்காதபடி ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல். அந்த நேரத்தில் மீட்டர் காட்டுகிற எண்ணைக் குறித்துக்கொள். அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், 0.2 என்றால் உத்தமம். அப்புறம் அதே மாதிரி மைனஸ் தூணுக்கும் சேசிஸுக்கும் நடுவில் பார். இரண்டு எண்ணையும் இங்கே எழுது, மற்றது அப்புறம்.

இப்போது ஒயரிங். முழுவதையும் ஒரே நாளில் பிடுங்காதே. பிடுங்கியவர்களின் வண்டி ஆறு மாதம் ஷெட்டில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு லைனாக எடு. ஹெட்லைட் என்றால் ஹெட்லைட், அது எரிந்த பிறகு அடுத்தது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வண்டி ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும், திங்கட்கிழமை நீ தோட்டத்துக்குப் போக வேண்டும் அல்லவா?

ஆம்ப்மீட்டரை எடுத்துவிடு. அது கெட்ட சாமான் என்பதால் சொல்லவில்லை. வண்டி ஒயரிங் போட்ட காலத்தில் இருந்த லோடு வேறு. செல்ஃபைத் தவிர வண்டியின் மொத்தக் கரண்டும் அந்த இரண்டு போல்ட் வழியாகத்தான் போய் வருகிறது. நட்டு லூஸானால் அங்கே சூடு, சூட்டில் நட்டு இன்னும் லூஸ், அப்படியே ஏறிக்கொண்டு போகும். அது போகிற வழியில் ஃபியூஸும் இல்லை. அந்த இடத்தில் ஒரு வோல்ட் மீட்டர் போட்டுக்கொள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். வோல்ட் மீட்டர் ஒயரில் போகிற கரண்ட் ஒன்றுமே இல்லை, தைரியமாக டேஷ்போர்டுக்குக் கொண்டுவரலாம். டைனமோவின் மெயின் ஒயரை இனி டேஷ்போர்டுக்குள் கொண்டுவராதே. எஞ்சின் பக்கத்திலேயே, நடுவில் பெரிய ஃபியூஸ் வைத்து, பேட்டரி பிளஸுக்கு நேராகக் கொடு. சார்ஜ் லைட் வழியாக டைனமோவுக்குப் போகிற சின்ன ஒயர் இருந்தால் அதை அப்படியே விட்டு வை. அந்த பல்பு வழியாகப் போகிற கொஞ்சம் கரண்டில்தான் டைனமோ உற்பத்தியைத் தொடங்கும். பல்பு ஃபியூஸ் போனால் சார்ஜ் ஏறாமலும் போகலாம்.

ஒயர் தடிமன். கடையில் 14/0.30, 28/0.30 என்று கேள். 0.30 மில்லிமீட்டர் இழை எத்தனை என்பதுதான் முதல் எண். 14/0.30 என்றால் ஒரு ஸ்கொயர், அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர், எட்டே முக்கால் ஆம்பியர் வரை. பார்க் லைட், இண்டிகேட்டர், மீட்டர் லைட்டுக்கு அது போதும். 28/0.30 இரண்டு ஸ்கொயர், 17.5 ஆம்பியர், ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும். 44/0.30க்கு 27.5. ஃபியூஸ் பெட்டிக்குப் போகிற மெயின் ஒயரும் டைனமோ ஒயரும் 84/0.30 போடு, 45 ஆம்பியர் தாங்கும். உன் டைனமோ அதற்கு மேல் ஆம்பியர் என்றால் 120/0.30 வாங்கு. வீட்டு ஒற்றைக் கம்பி ஒயரைத் தூக்கிப் போடு. அது சுவருக்குள் அசையாமல் இருக்கச் செய்தது. வண்டி அதிர்வில் உள்ளுக்குள்ளேயே ஒடியும், வெளியே தெரியாது.

ஹெட்லைட் மஞ்சளடித்ததற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 60 வாட் பல்பு இரண்டு, சுமார் 10 ஆம்பியர். அது பேட்டரியிலிருந்து ஆம்ப்மீட்டர், லைட் சுவிட்ச், டிம் சுவிட்ச் எல்லாம் சுற்றி முன்னால் போவதற்குள் ஐந்து மீட்டர் ஒயர். ஒரு ஸ்கொயர் ஒயராக இருந்தால் ஒயரிலேயே 0.9 வோல்ட் போய்விடும். சுவிட்ச் முனைகளில் போவது தனி. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தால் பல்பின் வெளிச்சம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறையும். அதனால் டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று என இரண்டு ரிலே போடு. ரிலே என்றால் சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைப் போட்டு அணைக்கிற சுவிட்ச். 30 நம்பர் முனைக்கு பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, 87 லைட்டுக்கு, 86 உன் பழைய டிம் சுவிட்ச் ஒயர், 85 எர்த். பழைய சுவிட்சில் இனி கால் ஆம்பியர்கூடப் போகாது, காலத்துக்கும் உழைக்கும்.

ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. பல்பைக் காப்பாற்ற இல்லை. ஒயர் தாங்குவதைவிடக் குறைவாகத்தான் ஃபியூஸ் இருக்க வேண்டும், பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வை.

கலர் உன் இஷ்டம். ஆனால் ஒரே முறையாக வை. நாங்கள் படித்தது லூகாஸ் முறை: எப்போதும் கரண்ட் இருக்கிற மெயின் பிரவுன், சாவி போட்டால் வருவது வெள்ளை, சாவிக்குப் பிறகு ஃபியூஸ் தாண்டியது பச்சை, பார்க் லைட் சிவப்பு, ஹெட்லைட் நீலம், எர்த் கறுப்பு. நாளைக்கு வேறு ஒருவன் டேஷ்போர்டைத் திறந்தாலும் அவனுக்குப் புரியும்.

கோத்தகிரி ஜிப்ஸி எழுதியது:

ஐயா சொன்னதற்கு மேல் டெக்னிக்கலாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. நான் 98 ஜிப்ஸி கிங் ஒயரிங்கை ஒரு வருடம் முன்பு வீட்டு முற்றத்தில் வைத்து மாற்றினேன். எனக்குக் கை கொடுத்தவற்றை மட்டும் சொல்கிறேன் தம்பி.

எதையும் வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு முனையிலும் அடையாளம் கட்டுங்கள். நான் பேப்பர் டேப்பில் பேனாவால் எழுதினேன். இரண்டு வாரத்தில் எண்ணெய்க் கை பட்டு எழுத்து போய்விட்டது. அப்புறம் காலி மாத்திரை அட்டையின் அலுமினியத் தகட்டை நறுக்கி, ஆணியால் எண்ணைக் கீறி, நூலில் கட்டினேன். அது இன்னும் இருக்கிறது.

ஷார்ட் எங்கே என்று தேடும்போது ஃபியூஸ் மேல் ஃபியூஸாகப் போட்டு எரிக்க வேண்டாம். ஃபியூஸ் இருக்கும் இடத்தில் 21 வாட் பிரேக் லைட் பல்பை இரண்டு ஒயரோடு மாட்டுங்கள். அந்த லைனில் உள்ள எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிடுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட் இருக்கிறது. அப்படியே ஒயரை ஒவ்வோர் இடமாக அசைத்துப் பாருங்கள், பல்பு அணைகிற இடம்தான் நீங்கள் தேடுகிற இடம். எனக்கு அது பின் பம்பருக்கு மேலே, தகட்டு ஓட்டையில் ரப்பர் புஷ் இல்லாமல் ஒயர் உரசிக்கொண்டிருந்த இடத்தில் அணைந்தது.

ஒயர் எந்தத் தகட்டைத் தாண்டினாலும் ரப்பர் புஷ் போடுங்கள். லைட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். நம்மைப் போன்ற மலை ஊர்களுக்கு இது முக்கியம். எலி இருக்கிற ஷெட்டாக இருந்தால் சாக்குப் பையையும் வாழைச் சருகையும் வண்டிக்குப் பக்கத்தில் சேர விடாதீர்கள்.

பேட்டரியில் முதலில் மைனஸ், அப்புறம் பிளஸ் கழற்றுங்கள். மாட்டும்போது மைனஸ் கடைசி.

கம்பம் ஏலக்காடு எழுதியது:

ஐயா, அக்கா, வால்பாறை அண்ணே, மூவருக்கும் நன்றி. நேற்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலைதான்.

ஐயா, நீங்கள் சொன்ன சோதனையைச் செய்தேன். மைனஸ் தூணுக்கும் சேசிஸுக்கும் நடுவில் 0.1. மைனஸ் தூணுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் 2.1 வோல்ட். மீட்டர்தான் தப்போ என்று மூன்று தடவை அடித்துப் பார்த்தேன், அதேதான் வந்தது.

கழற்றிப் போட்ட கேபிள்களில் ஒன்று கடை மாடியில் கிடந்தது. உறை ஒரு ஜான் நீளத்துக்கு உருகி, உள்ளே இருந்த சுருள் கம்பி நீலம் பாய்ந்து இருக்கிறது. இப்போது வண்டியில் இருக்கும் கேபிளை, செல்ஃப் அடித்து முடித்த கையோடு தொட்டுப் பார்த்தேன். சுட்டது. ஒரு கேபிள் சுடுவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. விளக்கம் சொல்லுங்கள்.

இன்னொன்று. மீட்டர் போர்டின் உள்பக்கத் தகட்டில் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்தேன். வெள்ளைப் பெயின்ட்டில் தீக்குச்சியை முக்கி எழுதியிருக்கிறார்: "பார்க்", "டிம்", "ஹாரன்", ஒவ்வொன்றுக்கும் ஓர் அம்புக்குறி. அந்தந்த ஒயரைச் சோதித்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது. ஒரு தடித்த மஞ்சள் ஒயருக்குப் பக்கத்தில் மட்டும் "இதைத் தொடாதே" என்று இருக்கிறது. அது எங்கே போகிறது என்று தெரியவில்லை, எஞ்சின் பக்கம் டேப் கட்டுக்குள் மறைகிறது. அப்பா சொன்னபடி நான் இன்னும் தொடவில்லை.

டிப்போ எலக்ட்ரீஷியன் எழுதியது:

தம்பி, எஞ்சின் ரப்பர் மவுண்டிங் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. செல்ஃப் மோட்டார் எஞ்சினில் போல்ட் போட்டு நிற்கிறது. பிளஸ் பக்கம் தடித்த கேபிள் வழியாக 200, 300 ஆம்பியர் வருகிறது, சரி. அது பேட்டரி மைனஸுக்குத் திரும்பிப் போக வழி வேண்டுமே? எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் செம்பு நாடாவோ கேபிளோ ஒன்று இருக்க வேண்டும். அது உன் வண்டியில் இல்லை, அல்லது பேருக்கு இருக்கிறது. அதனால் கரண்ட் எஞ்சினிலிருந்து பாடிக்குப் போகக் கிடைக்கிற எந்த இரும்பையும் பிடித்துக்கொள்கிறது. டீசல் பம்பிலிருந்து டேஷ்போர்டுக்கு வருகிற ஸ்டாப் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள், ஷாஃப்ட், பேரிங். அதில் மெலிந்தது ஸ்டாப் கேபிள், அதனால் அது வேகிறது. டைனமோவும் எஞ்சினில்தான் நிற்கிறது, அதன் எர்த்தும் இதே வழியாகத்தான் போக வேண்டும். சார்ஜும் சரியாக ஏறியிருக்காது. கிளட்ச் வேலையோ எஞ்சின் இறக்கும் வேலையோ எப்போது நடந்தது?

50 ஸ்கொயர் கேபிளில், இரண்டு பக்கமும் லக் (போல்ட்டில் மாட்டும் உலோக முனை) அழுத்தி, கியர்பாக்ஸ் ஹவுசிங் போல்ட்டிலிருந்து பேட்டரி மைனஸ் கேபிள் முடிகிற அதே சேசிஸ் போல்ட்டுக்குக் கொடு. போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் வெள்ளி மாதிரி தேய்த்துவிட்டு, முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவு. லக்கை அழுத்து, ஈயம் பற்ற வைத்து மட்டும் விட்டுவிடாதே. பற்ற வைக்கும்போது ஈயம் இழைகளுக்குள் கொஞ்ச தூரம் ஊறி ஏறும். அது முடிகிற இடத்தில் ஒயர் விறைத்து, அதிர்வில் அங்கேதான் ஒடியும்.

அப்பா எழுதிய மஞ்சள் ஒயர், ஸ்டார்ட் செய்யும் முன் எஞ்சினுக்குள் சூடேற்றுகிற ஹீட்டர் பிளக் லைனாக இருக்கும் என்று நினைக்கிறேன். சாவி போடாமலே, பேட்டரியைக் கழற்றாத நேரத்தில் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார். எரிந்தால் பேட்டரியிலிருந்து நேராக வருகிற கரண்ட். பேட்டரியைக் கழற்றிவிட்டு டேப்பைப் பிரித்துத் தேடு.

கம்பம் ஏலக்காடு எழுதியது:

ஏழு வாரம் ஆகிவிட்டது. நடுவில் காய் எடுப்பு வந்துவிட்டதால் சாயங்காலங்களிலும் ஞாயிறுகளிலும் மட்டுமே வேலை பார்த்தேன். நடந்ததை எழுதுகிறேன், இதே வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் எர்த். மூன்று வருடம் முன்பு ஒரு பட்டறையில் கிளட்ச் மாற்றினோம், அப்பா கூடவே நின்றிருந்தார். அந்த வேலையில் எர்த் நாடாவைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவில்லை. கியர்பாக்ஸில் அந்த போல்ட் காலியாக, பழைய லக்கின் வட்டத் தடம் மட்டும் அப்படியே தெரிகிறது. ஐயா சொன்ன மாதிரி 50 ஸ்கொயர் கேபிள் போட்டேன். திரும்பச் சோதித்தபோது 2.1 இருந்த இடத்தில் 0.15. செல்ஃப் சுற்றிய சத்தத்தைக் கேட்டு அம்மா வாசலுக்கு வந்து, "அப்பா எடுக்குற மாதிரியே இருக்குடா" என்றார். புது ஸ்டாப் கேபிள் இப்போது விரல் வைத்தால் ஜில்லென்று இருக்கிறது.

மஞ்சள் ஒயர் ஐயா சொன்னபடி ஹீட்டர் பிளக் ரிலேக்குப் போகிற நேர் லைன்தான். பேட்டரியிலிருந்து ஃபியூஸே இல்லாமல் வருகிறது. அப்பாவுக்கு அது எப்போதும் கரண்ட் உள்ள ஒயர் என்று தெரிந்திருக்கிறது, அதனால்தான் எழுதி வைத்திருக்கிறார். அதை 10 ஸ்கொயர் ஒயராக மாற்றி, டேஷ்போர்டுக்குள் வராமல் எஞ்சின் பக்கத்திலேயே 60 ஆம்பியர் ஸ்டிரிப் ஃபியூஸ் வழியாக ரிலேக்குக் கொடுத்தேன். ஹீட்டர் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓம்ஸ் பார்த்ததில் இரண்டு முழுக்க ஓப்பன் (உள்ளே அறுந்துவிட்டது), நாலும் புதிதாகப் போட்டேன். கடைக்குப் பக்கத்து மோட்டார் ரீவைண்டிங் அண்ணனிடம் கிளாம்ப் மீட்டர் வாங்கிப் பார்த்தபோது, கொஞ்சம் சூடேறிய பிறகு 44 ஆம்பியர் காட்டியது. இவ்வளவு கரண்ட் அந்தப் பழைய ஆம்ப்மீட்டருக்குப் பக்கத்து ஒயரில் ஃபியூஸ் இல்லாமல் கிடந்ததை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது.

ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே. மாற்றுவதற்கு முன்னால், எஞ்சின் ஓடும்போது பல்பு முனையில் 10.9 வோல்ட் இருந்தது. இப்போது 13.4. எல்.இ.டி. எதுவும் போடவில்லை, பழைய 60/55 வாட் பல்புதான். போன வியாழக்கிழமை வேண்டுமென்றே இருட்டின பிறகு மெட்டிலிருந்து இறங்கினேன். ஓரத்துச் சுவரில் அடித்திருக்கும் வெள்ளைக் கோடு அடுத்த வளைவு வரைக்கும் தெரிந்தது. பக்கத்தில் அதே அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவர் கம்பம் வந்து சேருகிற வரைக்கும் டேஷ்போர்டுக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார்.

அக்கா, மாத்திரை அட்டைத் தகடு யோசனை அருமை. 46 தகடு கட்டினேன். வால்பாறை அண்ணே, ஃபோர் வீல் லீவர் நீங்கள் சொன்ன மாதிரியே இறுகியிருந்தது. இரண்டு ராத்திரி டீசலில் ஊறிய பிறகு விட்டது. தோட்டத்துக்குள் மேல் ஸ்டோர் வரைக்கும் லோ கியரில் ஏற்றிப் பார்த்தேன், சத்தம் எதுவும் இல்லை.

ஒயர், ஃபியூஸ் பெட்டி, ரிலே, லக், ஹீட்டர் பிளக், வோல்ட் மீட்டர் எல்லாம் சேர்த்து 7,400 ரூபாய் ஆனது. கிரிம்பிங் பிளேயர் தனி. அதில் விலை பார்க்காமல் நல்லதாக வாங்குங்கள். முதலில் வாங்கிய மலிவானதில் அழுத்திய லக்குகளில் பாதி, இழுத்தவுடன் கையோடு வந்தன. எல்லாவற்றையும் வெட்டித் திரும்பச் செய்தேன்.

அப்பா எழுதிய தகட்டை அப்படியே வைத்துவிட்டேன். கலர் மாறிவிட்டதால் அவர் எழுத்துக்குக் கீழே, அதே வெள்ளைப் பெயின்ட்டில், புதுக் கலர்களை எழுதியிருக்கிறேன்.

ஒரே ஒரு பாக்கி. இடது இண்டிகேட்டர் வலதைவிட இரண்டு மடங்கு வேகமாக அடிக்கிறது. இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கிற ஃபிளாஷர் புதுசு, எலக்ட்ரானிக். முன் பல்பு, பின் பல்பு இரண்டும் எரிகின்றன. அடுத்த மாதம் எஃப்.சி.க்கு (வண்டியின் தகுதிச் சான்றுக்கு) காட்ட வேண்டும்.

டிப்போ எலக்ட்ரீஷியன் எழுதியது:

நல்ல வேலை தம்பி. அந்தத் தகட்டை ஒரு போட்டோ எடுத்துப் போடு, பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஃபிளாஷர் வேகமாக அடித்தால் அந்தப் பக்கம் லோடு குறைவு என்று அர்த்தம். இரண்டு பல்பும் எரிகிறது என்கிறாய். எரிகிற பல்பு எத்தனை வாட் என்று அடிப்பக்கத்துப் பித்தளையில் படித்துப் பார். 21 வாட்டும் 10 வாட்டும் ஒரே ஹோல்டரில் உட்காரும். அது சரியாக இருந்தால் பின் லைட் எர்த்தைப் பார், அங்கே பெயின்ட்டுக்கு மேலேயே போல்ட் போட்டிருப்பார்கள்.

கம்பம் ஏலக்காடு எழுதியது:

பின்னால் 10 வாட் பல்புதான் இருந்தது ஐயா. 21 வாட் மாற்றினேன், இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் அடிக்கிறது. எர்த் போல்ட்டையும் கழற்றிப் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டுப் போட்டேன். தகட்டின் போட்டோவை நாளைக் காலையில் வெளிச்சத்தில் எடுத்துப் போடுகிறேன்.